பின்னக் கூட்டலுக்கு ஓர் அடாப்டிவ் பாடம்: முதலில் தவறான விடைகளை எழுதுங்கள்

2/3 + 1/4 எவ்வளவு? ஆறாம் வகுப்புக் கணக்குதான். சரியான விடை 11/12. ஆனால் அடாப்டிவ், அதாவது மாணவரின் விடைக்கேற்ப வழி மாறும், இணையப் பாடம் எழுத உட்காருபவர் கவனிக்க வேண்டியது அந்த 11/12 அல்ல. 3/7, 3/12, 11/7, 2/12 ஆகிய நான்கு தவறான விடைகளைத்தான்.

3/7 எழுதியவர் மேலே இருப்பதை மேலேயும் கீழே இருப்பதைக் கீழேயும் கூட்டிவிட்டார். 3/12 எழுதியவருக்குப் பகுதியை 12 ஆக்க வேண்டும் என்று தெரியும், தொகுதியையும் அதற்கேற்ப மாற்ற வேண்டும் என்பது தெரியாது. 11/7 எழுதியவர் குறுக்கே பெருக்கி 8 + 3 = 11 வரை ஒழுங்காக வந்து, கடைசிப் படியில் பகுதிகளைக் கூட்டிவிட்டார். 2/12 எழுதியவர் கூட்டலுக்குப் பதில் பெருக்கலே செய்துவிட்டார். நான்கு பேருக்கும் நான்கு வேறு கோளாறு. நான்கு பேருக்கும் ‘தவறு, மீண்டும் முயல்க’ என்று ஒரே சிவப்புப் பெட்டியைக் காட்டும் பக்கத்தை அடாப்டிவ் என்று விளம்பரம் செய்கிறார்கள். மறுபடி முயன்றால் அதே தவறுதான் மறுபடி வரும்.

இந்த யோசனை புதிதல்ல. 1950களின் பிற்பகுதியிலேயே அமெரிக்காவில் நார்மன் கிரவுடர் என்பவர், நீங்கள் தேர்ந்த தவறான விடைக்குரிய பக்கத்துக்கு உங்களை அனுப்பி, அந்தத் தவறை மட்டும் விளக்கித் திருப்பி அனுப்பும் கிளைமுறைப் பாடங்களை அச்சிலேயே செய்தார். இன்று கருவிகள் மாறிவிட்டன, வேலை மாறவில்லை. எந்த மென்பொருளைத் திறப்பதற்கு முன்பும் ஒரு தாளில் தவறுகளின் பட்டியல் இருக்க வேண்டும். அது இல்லாமல் கருவியைத் திறந்தால், அழகான பொத்தான்களோடு ஒரு சாதாரண வினாத்தாள்தான் கிடைக்கும்.

எண்களைத் தேர்வதில் ஒரு பொறி

கேள்விக்கான எண்கள் கையில் வந்தவையாக இருக்கக் கூடாது. ஒவ்வொரு தவறும் வெவ்வேறு விடையைத் தர வேண்டும். 2/3 + 2/5 என்று கேட்டுப் பாருங்கள். தொகுதியை மாற்ற மறந்தவருக்கு 4/15 வரும். பெருக்கிவிட்டவருக்கும் 4/15தான் வரும், ஏனென்றால் 2 + 2ம் 4, 2 × 2ம் 4. விடையைப் பார்த்து யாருக்கு என்ன கோளாறு என்று கண்டுபிடிக்கவே முடியாது, இருவரையும் ஒரே விளக்கப் பக்கத்துக்கு அனுப்பி ஒருவரைக் குழப்புவோம். விரிதாளில் ஒரு வரிசைக்கு ஒரு கேள்வி, ஒரு நெடுவரிசைக்கு ஒரு தவறு என்று போட்டு, ஒவ்வொரு தவறும் என்ன விடை தரும் என்று சூத்திரத்தால் கணக்கிடுங்கள். ஒரே வரிசையில் இரண்டு கட்டங்கள் சமமாக வந்தால் அந்தக் கேள்வியைத் தூக்கிவிடுங்கள். சுருக்கிய வடிவத்தையும் சேர்த்து ஒப்பிடுங்கள்: 3/12 வரவேண்டியவர் 1/4 என்று சுருக்கி எழுதலாம்.

எண்களை நன்றாகத் தேர்ந்தால் விளக்கப் பக்கத்துக்குப் பொருளும் அங்கேயே கிடைக்கும். 2/3 + 1/4 என்ற கேள்வியையே எடுத்துக்கொள்ளுங்கள். 3/7 என்பது 2/3ஐவிடச் சிறியது. ‘உன்னிடம் ஏற்கெனவே 2/3 இருந்தது, அதோடு 1/4 சேர்த்தாய், இப்போது முன்பைவிடக் குறைந்துவிட்டதே?’ என்று இரண்டு பட்டைப் படங்களோடு கேட்டால் போதும். 3/12 என்பது 1/4தான், ஆக 2/3 முழுதாகக் காணாமல் போயிருக்கிறது. 1/4 என்பது 1/3ஐவிடச் சிறியது என்பதால் விடை 1ஐத் தாண்ட வழியில்லை, 11/7 தாண்டுகிறது. 2/12 இரண்டு பின்னங்களையும்விடச் சிறியது. நான்கு விளக்கங்களுக்கும் தனித்தனிப் படம், தனித்தனிக் கேள்வி. விதியைத் திரும்ப ஒப்பிக்கும் விளக்கத்தைவிட, அவர் எழுதிய விடையையே அவர் முன்னால் வைத்து முரணைக் காட்டுவது நன்றாக வேலை செய்யும்.

தமிழில் பாடம் எழுதுவோருக்கு ஐந்தாவதாக ஒரு தவறும் உண்டு, ஆங்கிலப் பாடங்களின் பட்டியலை அப்படியே எடுத்தால் அது அகப்படாது. தமிழில் 11/12ஐப் ‘பன்னிரண்டில் பதினொன்று’ என்று பகுதியை முதலில் வைத்துப் படிக்கிறோம். சொல்லும் வரிசையிலேயே தட்டினால் 12/11 ஆகிவிடும். இது கணக்குத் தெரியாத தவறல்ல, எழுதும் வரிசைத் தவறு. இதற்குப் பாடம் நடத்தத் தேவையில்லை, ‘மேலே எது, கீழே எது என்று பார்’ என்ற ஒரு வரி போதும். ஒலிப்பதிவோடு கேள்வி கேட்கும் பாடமானால் இந்தக் கிளை கட்டாயம் வேண்டும்.

திறன்களின் வரைபடம்

அடுத்து, ‘பின்னக் கூட்டல்’ என்ற ஒரு பெரிய மூட்டையை அவிழ்க்க வேண்டும். இந்தப் பாடத்துக்கு ஏழு திறன்கள் போதும்: பின்னம் என்பது சமபங்கு என்ற பொருள், சமான பின்னம் காணல், மீச்சிறு பொது மடங்கு, ஓரினப் பின்னங்களைக் கூட்டல், வேறினத்தை ஓரினமாக்கல், வேறினப் பின்னங்களைக் கூட்டல், விடையைச் சுருக்குதல். ஒவ்வொன்றுக்கும் முன்தேவை எது என்று அம்புக்குறி போடுங்கள். வேறினத்தை ஓரினமாக்க சமான பின்னமும் மீச்சிறு பொது மடங்கும் வேண்டும். அதே போல வேறினக் கூட்டலுக்கு ஓரினக் கூட்டலும் ஓரினமாக்கலும் தேவைப்படும். அம்புகள் எங்காவது வட்டமடித்துத் தொடங்கிய இடத்துக்கே வந்தால் ஒரு திறனைத் தவறாகப் பிரித்திருக்கிறீர்கள் என்று பொருள்.

ஒரு கேள்வியில் இரண்டு திறன்களைக் கலக்கும் ஆசையைத்தான் அடக்க வேண்டும். கூட்டலையும் சுருக்கலையும் ஒரே பெட்டியில் கேட்டால், தவறு எதில் என்று தெரியாது. கலந்த கேள்விகள் கடைசியில் வரட்டும்.

இலங்கை மாணவர்களும் படிக்கும் பாடமானால் கலைச்சொல்லையும் இந்தக் கட்டத்திலேயே முடிவு செய்துவிடுங்கள். தமிழ்நாட்டுப் பாடநூலில் சமான பின்னம், இலங்கையில் சமவலுப் பின்னம். பக்கத்துக்குப் பக்கம் மாற்றி எழுதினால், சொல் புரியாமல் தவறியவரை நம் பாடம் கணக்குப் புரியாதவர் என்று எண்ணிப் பின்னுக்கு அனுப்பிவிடும்.

கிளைகள் திரும்பி வந்து சேர வேண்டும்

புதிதாகச் செய்பவர்கள் எல்லோரும் விழும் குழி இது. ஒவ்வொரு கேள்விக்கும் மூன்று விடை, ஒவ்வொன்றும் தனிப் பாதை, ஐந்து படி என்று வைத்தால் ஐந்தாம் படியில் 243 முனைகள், மொத்தம் 364 பக்கங்கள். யாரும் எழுதி முடிக்க மாட்டார்கள். முதல் இரண்டு கிளைகள் கவனமாகவும் மற்றவை வெறுமையாகவும் கிடக்கும்.

தவறிய கிளை ஒரு பக்கமோ இரண்டு பக்கமோ போய், மைய வழிக்கே திரும்ப வேண்டும். அப்போது அதே ஐந்து படிக்கு 5 மையக் கேள்வி, 10 பரிகாரப் பக்கம், ஆக 15. ஆனால் திரும்பும்போது அதே கேள்விக்குத் திரும்பக் கூடாது. மூன்று விருப்பங்களில் ஒன்று தவறு என்று தெரிந்துவிட்டது, மீதி இரண்டைத் தட்டிப் பார்த்தால் கடந்துவிடலாம் என்பது எந்தக் குழந்தைக்கும் இரண்டு நிமிடத்தில் பிடிபடும். எண்கள் மட்டும் மாறிய இணைக்கேள்விக்குத் திரும்ப வேண்டும். அதிலும் தவறினால் முன்தேவைத் திறனுக்கு இறக்க வேண்டும், மூன்றாம் முறையும் அதே விளக்கத்தைக் காட்டுவதில் பயனில்லை.

ஆகவே கேள்விகள் நிறைய வேண்டும். திறனுக்குப் பத்து என்று வைத்தால் ஏழு திறனுக்கு எழுபது. திறனுக்கு ஐந்து மட்டும் எழுதியிருந்தால், தடுமாறும் மாணவருக்குத்தான் முதலில் கேள்வி தீரும். யாருக்காகப் பாடத்தை எழுதினோமோ அவரே பார்த்த கேள்வியை மறுபடி பார்ப்பார்.

மூடிலின் லெசன்: குறைந்த செலவில் நல்ல கிளை

மூடில் என்ற இணையக் கற்றல் தளம் ஏற்கெனவே ஓடும் பள்ளிக்கோ கல்லூரிக்கோ தனிக் கருவி தேட வேண்டாம். அதிலுள்ள லெசன் என்ற செயல்பாடு கிளைமுறைக்காகவே ஆனது, பலர் அதைத் தொடுவதில்லை. வினாடிவினாவின் அமைப்பில் ‘அடாப்டிவ் மோட்’ என்று ஒன்று இருப்பதைப் பார்த்து அதுதான் என்று நினைத்துவிடுகிறார்கள். அது அதே கேள்வியை மறுபடி முயல விட்டு, ஒவ்வொரு தவறுக்கும் மதிப்பெண்ணில் கொஞ்சம் பிடித்தம் செய்யும் முறை, அவ்வளவுதான். கூடுதலாக நிறுவும் ‘அடாப்டிவ் குவிஸ்’ என்ற செருகுநிரல் வேறு: அது விடைகளைப் பார்த்துக் கடினமான கேள்வியோ எளிய கேள்வியோ கொடுத்து, மாணவரின் நிலையை அளக்கும். அளப்பதும் கற்பிப்பதும் வேறு வேறு.

லெசனில் 2/3 + 1/4 கேள்வியை அமைக்கும் வழி இது. பாடத்தின் அமைப்பில் விடைகளின் உச்ச எண்ணிக்கை 5 என்று இருக்கும், அதை முதலில் 8 ஆக்குங்கள். ஒரு சரி, ஐந்து தவறு, ‘மற்றவை’ ஒன்று என்று ஏழு வேண்டும். பிறகு ஷார்ட் ஆன்சர் வகைக் கேள்விப் பக்கம் ஒன்றைச் சேருங்கள். ஒவ்வொரு விடைக்கும் நான்கு கட்டங்கள்: விடை, அதற்கான பதில்வரி, எந்தப் பக்கத்துக்குத் தாவ வேண்டும் என்ற ஜம்ப், மதிப்பெண். 11/12க்கு ஜம்ப் அடுத்த மையக் கேள்வி, மதிப்பெண் 1. 3/7க்கு ஜம்ப் அதற்குரிய பரிகாரப் பக்கம், மதிப்பெண் 0. இப்படியே மற்றவை.

விடையை ஒப்பிடும் முறையில்தான் நுணுக்கம். நட்சத்திரக் குறி எந்த எழுத்துக்கும் பொருந்தும் என்பதால், விடை 5/6 ஆக இருக்கும் கேள்விக்கு, இடைவெளி விட்டுத் தட்டுபவர்களுக்காக 5*/*6 என்று எழுதத் தோன்றும். அது 5 / 6ஐ ஏற்கும், கூடவே 5/16, 55/6 எல்லாவற்றையும் சரி என்று ஏற்கும். அதற்குப் பதில் ரெகுலர் எக்ஸ்பிரஷன் (எழுத்து வரிசையை விவரிக்கும் குறிமுறை) என்ற பெட்டியை டிக் செய்து, நம் கேள்விக்கு 11 *\/ *12 என்று எழுதுங்கள்: எண், எத்தனை இடைவெளியானாலும், சாய்கோடு, எத்தனை இடைவெளியானாலும், எண். சாய்கோட்டுக்கு முன் பின்சாய்கோடு இடுவது பாதுகாப்பு. சுருக்கிய வடிவத்தையும் சேர்க்க (3 *\/ *12|1 *\/ *4) என்று நடுவில் செங்குத்துக் கோடு. 24ஐப் பொதுப் பகுதியாக எடுத்தவர் 22/24 எழுதுவார், அதுவும் கூட்டலில் சரிதான், சரியான விடையோடு சேர்த்துவிடுங்கள். கடைசி விடை ‘மற்றவை’. சாதாரண முறையில் அதற்கு ஒரு நட்சத்திரம் போதும். ரெகுலர் எக்ஸ்பிரஷன் முறையில் வெறும் நட்சத்திரம் வேலை செய்யாது, புள்ளியையும் நட்சத்திரத்தையும் சேர்த்து .* என்று இட வேண்டும். குறிப்பான விடைகள் மேலே, பொதுவானது கடைசியில். வரிசை மாறினால் எல்லோரும் ‘மற்றவை’க்குப் போய்விடுவார்கள்.

ஜம்ப் பட்டியலில் பக்கங்களின் தலைப்புகள்தான் தெரியும். ஆறு பக்கங்களுக்கு ‘விளக்கம்’ என்றே பெயர் வைத்தால் எதைத் தேர்கிறீர்கள் என்று உங்களுக்கே தெரியாது. ‘6இ பகுதிகளைக் கூட்டியவர்’ என்று திறன் எண்ணும் தவறும் சேர்த்துப் பெயரிடுங்கள். ‘அடுத்த பக்கம்’ என்ற ஜம்ப் பக்க வரிசையை நம்பியிருப்பது. நடுவில் ஒரு பக்கம் செருகினால் அது அந்தப் புதுப் பக்கத்துக்குத் திரும்பிவிடும். மைய வழியில் பெயர் சொல்லித் தாவுங்கள். பரிகாரப் பக்கங்களைப் பாடத்தின் கடைசியில் குவித்து வையுங்கள், மைய வழிக்கு நடுவே வேண்டாம்.

இணைக்கேள்விகளுக்கு கிளஸ்டர் என்ற வசதி இருக்கிறது. ஒரே திறனின் பத்துக் கேள்விகளை கிளஸ்டர் தொடக்கத்துக்கும் முடிவுக்கும் நடுவே வைத்து, பரிகாரப் பக்கத்திலிருந்து அந்த கிளஸ்டரின் தொடக்கப் பக்கத்துக்குத் தாவ விடலாம், அங்கிருந்து இன்னும் பார்க்காத கேள்வி ஒன்று வரும். எல்லாவற்றையும் பார்த்து முடித்தவர் கிளஸ்டர் முடிவில் நீங்கள் வைத்த ஜம்புக்குப் போவார். அந்த ஜம்பை மறந்து விட்டுவிடாதீர்கள், பத்துக் கேள்வியிலும் தடுமாறியவர் எங்கே போக வேண்டும் என்பதை அதுதான் முடிவு செய்கிறது. பரிகாரக் கேள்விகளுக்கு மதிப்பெண் 0 போடுங்கள். இல்லாவிட்டால் தடுமாறிப் பல பக்கம் சுற்றி வந்தவருக்கும் நேரே போனவருக்கும் மதிப்பெண் கணக்கு வேறு வேறு அடிப்படையில் விழும்.

பாடங்களுக்கு இடையே வழி பிரிக்க ரெஸ்டிரிக்ட் ஆக்சஸ் என்ற அணுகல் நிபந்தனை போதும்: 60க்குக் குறைந்தால் பரிகாரப் பாடம், 60ம் அதற்கு மேலும் என்றால் அடுத்த பாடம். மறுமுயற்சிக்கு அனுமதி கொடுத்து, உயர்ந்த மதிப்பெண்ணை எடுக்கும்படி வைத்திருந்தால் ஒரு விசித்திரம் நடக்கும். மாணவர் பரிகாரப் பாடத்தின் பாதியில் இருக்கும்போது தேர்வை மறுபடி எழுதி 60ஐத் தாண்டினால், பரிகாரப் பாடம் அவர் பார்வையிலிருந்து மறைந்துவிடும். நிபந்தனைக்குப் பக்கத்திலுள்ள கண் குறியைத் திறந்து வைத்தால், மறையாமல் மங்கலாகத் தெரியும்.

மற்ற கருவிகள், சுருக்கமாக

கணக்கு என்று வந்தால் லெசனைவிட ஸ்டாக் என்ற கணித வினாக் கருவி வலுவானது. பிரிட்டனில் கிறிஸ் சாங்வின் தொடங்கிய திறமூல வேலை. பின்னால் மாக்சிமா என்ற இயற்கணித மென்பொருள் ஓடுவதால், 22/24ம் 11/12ம் சமம் என்று அதற்கே தெரியும், சுருக்கப்பட்டதா என்று தனியே சோதிக்கவும் முடியும். விடையை மரம் போலக் கிளைகிளையாகச் சோதித்து ஒவ்வொரு முனையிலும் தனி விளக்கம் தரலாம். எண்களைத் தற்செயலாக மாற்றி ஒரு கேள்வியிலிருந்து ஐம்பது வடிவம் எடுக்கலாம். ஆனால் மேலே சொன்ன 2/3 + 2/5 பொறி இங்கே தானாகவே வந்து விழும், தொகுதிகள் இரண்டும் 2 ஆகாதபடி நிபந்தனை எழுதுங்கள். சர்வரில் மாக்சிமா நிறுவ ஒருவர் வேண்டும், அது பல பள்ளிகளில் முடிகிற காரியமல்ல.

எச்5பி என்ற ஊடாடும் பாடக் கருவியின் பிராஞ்சிங் சினாரியோ, உரையாடல், செவிலியர் பயிற்சி, வாடிக்கையாளர் சேவை போன்ற ‘இப்படிச் செய்தால் என்ன ஆகும்’ வகைக்கு நன்று. இழுத்து வைத்தால் மரம் வந்துவிடும். திறனைக் கணக்கிட்டு அதன்படி வழி மாற்றும் வேலைக்கு அதை எடுக்காதீர்கள்: இந்தத் திறன் இவ்வளவு வந்துவிட்டது என்று நினைவில் வைக்கும் இடம் அதில் இல்லை. கிளைக்கதை எழுதும் கருவியான ட்வைனில் மாறிகள் உண்டு, ஆகவே எண்ணி வைத்து வழி மாற்றலாம், கடைசியில் ஒரே ஒரு இணையக் கோப்பாக வெளிவரும். இணைய இணைப்பில்லாத கணினி அறைக்கு அதைப் பென்டிரைவில் கொண்டு போகலாம். அதன் மதிப்பெண் மூடிலுக்குத் தானாகப் போகாது. உலாவியில் எழுதினால் கதை உலாவியின் சேமிப்பிலேயே இருக்கும், உலாவியைச் சுத்தம் செய்யும் நாளில் அதுவும் போய்விடும். தினமும் ஆர்க்கைவ் எடுங்கள்.

கார்னகி மெலன் பல்கலைக்கழகத்தின் சி.டி.ஏ.டி வேறு ரகம். ஆசிரியர் திரையில் கணக்கைத் தாமே போட்டுக் காட்டுகிறார், சரியான வழியையும் தவறான வழிகளையும். கருவி அதை வரைபடமாகப் பதிவு செய்துகொள்ளும், ஒவ்வொரு அம்புக்கும் குறிப்பும் பிழைச்செய்தியும் சேர்க்கலாம். ஒரு மணி நேரப் பாடத்துக்கு 200 முதல் 300 மணி நேர உழைப்பு என்பது அறிவார்ந்த பயிற்றுநிரல்களுக்குத் துறையில் அடிக்கடி சொல்லப்படும் கணக்கு. அதைக் குறைக்கத்தான் இந்த முறை வந்தது. பெர்க்லி பல்கலைக்கழகக் குழுவின் ஓ.ஏ.டியூட்டரில் ஆசிரியர் விரிதாளிலேயே எழுதலாம், ஒவ்வொரு படிக்கும் திறனின் பெயரைக் கொடுத்தால் மீதிக் கணக்கை நிரல் பார்த்துக்கொள்ளும்.

தெரிந்துகொண்டார் என்று எப்போது சொல்வது

அந்த மீதிக் கணக்குக்கு நாலெட்ஜ் டிரேசிங் என்று பெயர். கார்பெட்டும் ஆண்டர்சனும் 1990களில் கொடுத்த முறை. நான்கே எண்கள்: முன்பே தெரிந்திருக்கும் வாய்ப்பு, ஒரு கேள்வியில் கற்றுக்கொள்ளும் வாய்ப்பு, தெரிந்தும் கைதவறும் வாய்ப்பு, தெரியாமலே குருட்டாம்போக்கில் சரியாகும் வாய்ப்பு.

நான்கு விருப்பக் கேள்வி ஒன்றுக்கு முறையே 0.3, 0.1, 0.1, 0.25 என்று வையுங்கள். மாணவர் சரியாகச் சொன்னார். தெரிந்து சொல்லியிருக்க வாய்ப்பு 0.3 × 0.9 = 0.27. தெரியாமல் அடித்திருக்க வாய்ப்பு 0.7 × 0.25 = 0.175. இரண்டும் சேர்ந்து 0.445, அதில் முதலாவதன் பங்கு 0.607. மீதி 0.393ல் பத்தில் ஒரு பங்கு இந்தக் கேள்வியிலேயே கற்றிருக்கலாம், அதையும் சேர்த்தால் 0.646. இரண்டாம் முறையும் சரியானால் 0.88, மூன்றாம் முறையும் என்றால் 0.97. வழக்கமான எல்லையான 0.95ஐத் தாண்டிவிட்டார். முதல் கேள்வியே தவறினால் 0.15க்கு இறங்கி, பிறகு தொடர்ந்து நான்கு சரியாகச் சொன்ன பின்தான் எல்லையைத் தாண்டுவார்.

இப்போது விருப்பங்களை எடுத்துவிட்டு விடையைத் தட்டச் சொல்லுங்கள். குருட்டாம்போக்கு 0.05 ஆகிறது. முதல் சரியான விடைக்கே 0.90, இரண்டாவதுக்கு 0.99. மூன்று கேள்வி வேலையை இரண்டு கேள்வி செய்துவிடுகிறது. விருப்பக் கேள்விகளையே நிறைத்து வைக்கும் பழக்கத்துக்கு விலை இதுதான், மாணவரின் நேரம். சூத்திரம் எழுத வசதியில்லாதவர்கள், தட்டும் கேள்வியில் தொடர்ந்து 2 சரி, விருப்பக் கேள்வியில் தொடர்ந்து 3 சரி என்ற விதியை லெசனிலேயே கேள்விகளைச் சங்கிலியாகக் கோத்துக் கொண்டுவரலாம்.

கைதவறலும் குருட்டாம்போக்கும் சேர்ந்து 1ஐத் தாண்டும்படி எண் கொடுத்துவிட்டால், சரியான விடை சொல்லச் சொல்ல மதிப்பு இறங்கக்கூடும். ‘எல்லாம் சரியாகப் போட்டும் அடுத்த பாடம் திறக்கவில்லை’ என்று புகார் வந்தால் முதலில் இந்த இரண்டு எண்களைப் பாருங்கள்.

குறிப்புகளையும் இதோடு இணைக்க வேண்டும். மூன்று படி போதும்: எங்கே பார்க்க வேண்டும், எந்த விதி, கடைசியில் விடையே. மாணவர்கள் குறிப்புப் பொத்தானை மூன்று முறை தட்டி விடையை எடுத்துக்கொள்வார்கள், இதில் யாரையும் குறை சொல்ல முடியாது. குறிப்பு பார்த்துச் சொன்ன சரியான விடையைச் சரி என்று எண்ணாமல் விட்டால் அந்த வழி தானாக அடைபடும்.

‘தொகுதி’ என்று சரியாகத் தட்டியும் தவறு

தமிழ்ச் சொல்லை விடையாகக் கேட்கும் கேள்விகளில் வருவது இது. திரையில் ஒன்றுபோல் தெரியும் ‘தொ’ இரண்டு விதமாகச் சேமிக்கப்படலாம். ஒன்று, ‘த’ என்ற எழுத்தும் ‘ொ’ என்ற ஒற்றைக் குறியும். இன்னொன்று, கொம்பு ‘ெ’ தனி, கால் ‘ா’ தனி. கணினிக்கு அவை வேறு வேறு சரம். ஆசிரியர் பழைய எழுத்துருக் கோப்பை மாற்றி ஒட்டியிருந்து, மாணவர் கைபேசியில் தட்டினால், இந்தப் பொருத்தமின்மை வரலாம். யூனிகோடின் என்.எஃப்.சி என்ற நெறிப்படுத்தலை விடை, மாணவர் பதில் இரண்டின் மீதும் ஓட்டிய பிறகு ஒப்பிட்டால் சரியாகிவிடும். சில கருவிகள் அதைத் தாமே செய்யும், சில செய்யா. ஆனால் ஔகாரக் குறியின் இடத்தில் ‘ள’வைத் தட்டியிருந்தால் எந்த நெறிப்படுத்தலும் காப்பாற்றாது, அது எழுத்துப் பிழையேதான். ஒட்டும்போது கண்ணுக்குத் தெரியாத இணைப்பு எழுத்துகளும் ஒட்டிக்கொண்டு வரும், அவற்றையும் நீக்குங்கள்.

இன்னும் எளிய வழி, சொல்லைத் தட்டச் சொல்லாமல் இருப்பது. தொகுதி எது என்று படத்தில் தொட்டுக் காட்டச் சொன்னால் சொல்லும் தெரிய வரும், எழுத்துச் சிக்கலும் இல்லை.

நிலையைச் சேமிப்பது

பாடத்தைப் பொதியாக்கி எந்தத் தளத்திலும் ஏற்றலாம் என்று ஸ்கார்ம் 1.2 என்ற பொதி வடிவத்தைத் தேர்வதுண்டு. அதில் பாதியில் விட்ட நிலையைச் சேமிக்கும் இடம் 4096 எழுத்துகள் மட்டுமே. பக்கத் தலைப்புகளையும் மாணவர் எழுதிய விடைகளையும் அப்படியே சேமித்தால், மேசையில் சோதிக்கும்போது ஓடும். வகுப்பில் நாற்பதாவது கேள்வியில் நிலை துண்டிக்கப்பட்டு, மறுநாள் மாணவர் முதலிலிருந்து தொடங்குவார். ஏழு திறனுக்கு இரண்டு இலக்கம் வீதம் 14, எழுபது கேள்விக்கு ஓர் எழுத்து வீதம் 70. நூற்றுக்குள் முடிந்துவிடும். சேமிக்க வேண்டியது குறியீடு, வாக்கியமல்ல.

சோதிப்பது

ஆசிரியர் கணக்கிலிருந்து முன்னோட்டம் பார்ப்பது போதாது, நிபந்தனைகள் ஆசிரியருக்குப் பொருந்தாமல் எல்லாம் திறந்தே தெரியும். போலி மாணவர் கணக்குகள் நான்கு உருவாக்குங்கள். ஒருவர் எல்லாம் சரி. இன்னொருவர் எல்லாம் தவறு. மூன்றாமவர் ஒன்று சரி ஒன்று தவறு. நான்காமவர் படிக்காமல் முதல் விருப்பத்தையே தட்டிக்கொண்டு போகிறவர். எல்லாம் சரி என்றவர் பரிகாரப் பக்கம் ஒன்றைக்கூடப் பார்க்கக் கூடாது. எல்லாம் தவறு என்றவர் எங்காவது நிற்க வேண்டும், ‘ஆசிரியரைப் பார்’ என்ற பக்கத்திலாவது. அவர் வட்டமடித்துக்கொண்டே இருந்தால் ஒரு ஜம்ப் தவறு. நான்காமவர் பாடத்தை முடித்துவிட்டால் எல்லை எண் தளர்வாக இருக்கிறது. நான்கு பேரும் தொடாத பக்கங்களை ஒரு பட்டியலில் எழுதி, ஒவ்வொன்றுக்கும் எந்த விடையிலிருந்து வழி வருகிறது என்று தேடுங்கள். வழியே இல்லாத பக்கம் ஒன்றிரண்டு எப்படியும் அகப்படும்.

மாணவர்கள் பயன்படுத்திய பிறகு பார்க்க வேண்டியது சராசரி மதிப்பெண்ணை அல்ல, ‘மற்றவை’யில் விழுந்த விடைகளை. அவற்றை இறக்கி, வரிசைப்படுத்தி, எண்ணிப் பாருங்கள். பத்தில் ஒருவருக்கு மேல் ஒரே விடையை எழுதியிருந்தால், பட்டியலில் நாம் எழுதாமல் விட்ட தவறு அது. விரிதாளில் அதற்கு ஒரு புது நெடுவரிசை போட்டு, மற்றக் கேள்விகளில் அது என்ன விடை தரும் என்று மறுபடி கணக்கிடத் தொடங்குங்கள். ஏற்கெனவே தேர்ந்த கேள்விகளில் சில அப்போது கழியும்.